அடுத்த படம் வரைக்கும்

— அமுக்குறதுக்கு ஒரு விரல் போதும் மாமா. மிச்ச ஒம்பதையும் நான் பார்த்துக்கிறேன்.

— அவசரப்படாதே மாப்ள. படிச்ச பையன். அதாவது, பேசினாப் புரிஞ்சுக்குவான். தம்பி, உன் சொத்தையா எழுதிக் கேக்குறோம்? உனக்கு இந்த வேலையப் பிடிச்சுக் கொடுத்த வெப்சைட்டுல என் மேல போட்ட புகாரை வாபஸ் வாங்கு. ‘பணம் வந்துடுச்சு’ன்னு ஒரு பட்டன் இருக்கு. அமுக்கினேன்னா நாங்க கிளம்பிடுவோம்.

— பணம் வந்தா அமுக்குறேன் சார். மூணு மாசமா உங்க ஃபர்னிச்சர் கடைக்கு வீடியோ வெட்டி ஒட்டிக் கொடுத்திருக்கேன். கனவுல கூட உங்க சோபாதான் வருது. நான் உக்கார்ந்திருக்கிறது என்னவோ இந்த ஒடிஞ்ச நாற்காலியில.

— நக்கலைப் பாரு. சுத்தியலை இப்படிக் கொடுங்க மாமா.

— அதாவது தம்பி, உன் கம்ப்யூட்டர் கேமரா அனுப்பின படத்துல பாதி நேரம் உன் நாற்காலி காலியாத்தான் இருந்துச்சு. நீ உக்காராத நேரத்துக்கு நான் எதுக்குப் பணம் கொடுக்கணும்?

— இருங்க மாமா. அக்கா சங்கிலிய வித்து மொத்தத்தையும் இவன் கையில கொடுத்தாச்சுன்னீங்க. இப்ப எதுக்குக் கொடுக்கணும்கிறீங்க?

— மொத்தமும் கொடுத்தாச்சு மாப்ள. அதுக்கு மேல கேக்குறானே, அதைச் சொன்னேன். வாங்கிட்டு வாங்கலைங்கிறான். நம்ம கடைக்குப் படம் வரைஞ்ச பொண்ணும், விளம்பரம் எழுதினவனும் இப்படித்தானே சாதிச்சாங்க? நீ போன பிறகுதானே அடங்கினாங்க?

— எழுதினவனுக்கு முன்பல்லு ரெண்டு போச்சு. அந்தப் பொண்ணை நான் தொடல, அவ கம்ப்யூட்டரைத்தான் மாடியில இருந்து தூக்கிப் போட்டேன். அவளும் கடைசி வரைக்கும் வாங்கலைன்னுதான் அழுதா. கேட்டியாடா? எங்க அக்கா கழுத்து மொட்டையாக் கிடக்கு. நீங்கல்லாம் தின்னுட்டு ஏப்பம் விடுறீங்க.

— அண்ணே, சத்தியமா ஒரு பைசா என் கைக்கு வரல. சாரை நேர்ல பார்க்கிறதே இன்னைக்குத்தான்.

— இடது கைய நீட்டு.

— வேண்டாம்ணே. இந்தக் கைதான் எனக்குச் சோறு போடுது. அது போச்சுன்னா நான்... அம்மா... ஐயோ, அம்மா...

— சுண்டுவிரல்தான். கத்து, கத்து. கீழ அச்சாபீஸ் மெஷின் ஓடுது, எவனுக்கும் கேக்காது. அடுத்தது மோதிர விரல். அமுக்குறியா?

— மேசையெல்லாம் ரத்தம் மாப்ள. அதாவது, வலது கைய மட்டும் விட்டு வை. அதுலதான் அமுக்கணும்.

— கம்ப்யூட்டர்ல என்னமோ டிக்குன்னுச்சே. மேல பச்சை வெளிச்சம் வேற. என்னடா அது?

— சார் போட்ட சட்டம்ணே. வேலை நேரத்துல பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அது என்னைப் படம் பிடிக்கும். பிடிச்சு நேரா இவர் கடைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். நீங்க கதவை இடிக்க ஆரம்பிச்சப்பவே, வேலை ஆரம்பம்னு அமுக்கிட்டேன்.

— அடப்பாவி. முதல்ல அதை நிறுத்து. மாப்ள, வயரைப் பிடுங்கு.

— ஏன் மாமா பதறுறீங்க? கடையில அக்கா ஒருத்திதானே இருக்கா? இந்தா, அவதான் கூப்பிடுறா. சொல்லுக்கா. ஸ்பீக்கர்ல போட்டுட்டேன்.

— தம்பி, அந்தப் பையன் கைய விடு. விட்டுட்டியா?

— விட்டுட்டேன். நீ ஏன்க்கா அழுவுற? உன் சங்கிலிக் காசுக்குத்தான் வந்திருக்கோம்.

— அவன்கிட்ட எங்கடா இருக்கு என் காசு? உங்க மாமா இந்தக் கம்ப்யூட்டரை என்னைத் தொட விட்டதே இல்ல. இன்னைக்கு அவசரத்துல அணைக்காமப் போயிட்டாரு. ஏதோ படம் வந்துச்சேன்னு கிட்ட வந்து பார்த்தா, நீ சுத்தியலோட நிக்கிற. பக்கத்துலயே இவரு எழுதினதெல்லாம் இருக்கு. ‘பணம் தர முடியாது, உன்னால ஆனதைப் பார்த்துக்கோ’ன்னு இவரே எழுதியிருக்காருடா. படம் வரைஞ்ச பொண்ணுக்கும் அதேதான், எழுதினவருக்கும் அதேதான். ஒருத்தருக்கும் ஒண்ணும் கொடுக்கல. என் சங்கிலி எங்க போச்சுன்னு அவரையே கேளு.

— மாப்ள, அதாவது, உங்க அக்காவுக்கு இந்த வியாபார விஷயமெல்லாம் புரியாது.

— எழுதினவனோட குழந்தை கட்டில்ல உக்கார்ந்து பார்த்துட்டே இருந்துச்சு மாமா. அது முன்னாடிதான் அவன் பல்லைப் பேத்தேன்.

— தம்பி, நான் சொல்றது கேக்குதா? உங்க மாமாவை ஒண்ணும் பண்ணிடாதேடா. நான் இங்கயே உக்கார்ந்து அடுத்த படத்தைப் பார்ப்பேன்.

— சரிக்கா. வெச்சுடுறேன்.

— பார்த்தியா, அக்காவே சொல்லிட்டா. வா மாப்ள, கிளம்பலாம். எல்லாத்தையும் போற வழியில விவரமாச் சொல்றேன்.

— தம்பி, அடுத்த படத்துக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு?

— ஏழு... ஏழு நிமிஷம்ணே.

— போதும். மாமா, கைய மேசை மேல வைங்க.