ஆற்று நீரை அளந்த அக்காவுக்கு

ஆற்றின் நலத்தைத் தம் நலமாக எண்ணியவரே! அளவைக் கருவியை ஆண்டவன் அளித்த பொறுப்பாக ஏந்தியவரே! கோபத்திலும் குரல் உயர்த்தாத எங்கள் அக்கா! இருபத்தாறு ஆண்டுப் பணி நிறைவுபெறும் இன்று, கனத்த மனத்தோடு உங்களை வணங்குகிறோம்.

தொல்குடிகளாகிய நமக்கு, நம் ஆற்றை நாமே கண்காணிக்கும் உரிமை எளிதில் கிடைக்கவில்லை. “இவர்களுக்கு என்ன அளக்கத் தெரியும்?” என்றவர்கள் முன்னே, ஒழுகும் கூரையின் கீழ் ஒரு மேசை, ஒரு குளிர்ப்பெட்டி, பன்னிரண்டு புட்டிகளோடு இந்த நிலையத்தை நடத்திக் காட்டினீர்கள். வெள்ளம் வந்தபோதும் ஒரு வாரம்கூட நீர் எடுக்கத் தவறியதில்லை.

ஆயினும் உங்கள் பெருமையை நாங்கள் உணர்ந்தது நாம் தவறிய காலத்தில்தான்.

நம் வழக்கப்படி உள்ளங்கையால் மூன்று முறை நீரை விலக்கி, ஆற்றிடம் அனுமதி கேட்ட பிறகே புட்டியை அமிழ்த்திவந்தோம். கை முறிந்து கட்டுப் போட்டிருந்த ஒரு நாள் உங்களால் விலக்க முடியவில்லை. அன்றைய புட்டியில் எண்ணெய் மிதந்தது. மேலே சுரங்கம் வந்ததிலிருந்து, நீர்மேல் மிதந்த அதன் கழிவை மூன்று ஆண்டுகளாக நம் கையாலேயே ஒதுக்கிவிட்டு, ‘குடிக்கலாம்’ என்று எழுதிவந்திருக்கிறோம்!

“வெளிய சொன்னா நிலையத்தையே பறிச்சுடுவாங்க அக்கா. இனிமே சரியா எடுப்போம், பழசை விட்ருங்க,” என்றார் நம் படகோட்டி.

“குடிச்சது நம்ம புள்ளைங்கடா. பழசுன்னு எப்படி விடறது?” என்றீர்கள்.

ஊர்க்கூட்டத்தில் எழுந்து, பிழை உங்களுடையது என்றீர்கள். எங்களில் எவரையும் காட்டவில்லை. பின் வீடுவீடாகச் சென்று மன்னிப்புக் கேட்டீர்கள். “மூணு வருசமா கண்ணைக் கழட்டி எங்க மாட்டி வெச்சிருந்தே?” என்று வலை பின்னும் அம்மாள் கதவைச் சாத்தினார். மறுநாள் முதல் அவர் வாசலுக்கு நல்ல நீர் சுமந்தீர்கள்.

“திட்டினவங்களுக்கேவா?” என்று படகோட்டி முணுமுணுத்தார்.

“திட்டினது வாய்தானே. தாகம் என்னடா பண்ணுச்சு?”

நிலையம் பறிபோகவில்லை; ஆனால் நம் ஒவ்வோர் அறிக்கைக்கும் இன்று வெளியார் ஒப்புதல் வேண்டும். இப்போதெல்லாம் முதலில் புட்டியை அமிழ்த்திவிட்டு, பிறகு ஆற்றிடம் மன்னிப்புக் கேட்கிறோம். கரையில் மீன்கொத்தியைக் கண்டு பல மாதங்களாயின.

சுரங்கக் குழாயை இன்றே அடைத்தாலும் ஆறு தெளிய இருபது ஆண்டுகள் ஆகுமாம். இன்றும் அது அடைக்கப்படவில்லை. ஆகவே அக்கா, சடங்குக்காக அல்ல, தேவைக்காகவே வேண்டுகிறோம்: இறைவன் உங்களுக்கு நோயற்ற உடலும் நெடிய ஆயுளும் அருள்வாராக! ஆறு தெளிந்துவிட்டது என்று நாங்கள் எத்தனை முறை அளந்து சொன்னாலும், நீங்கள் சொல்லாமல் இந்த ஊரில் ஒருவரும் ஒரு வாய் குடிக்கமாட்டார்.

என்றும் உங்கள் அன்பில்,
ஆற்றுக் கண்காணிப்பு நிலையப் பணியாளர்கள்