மூன்றாம் நம்பரின் பெருமூச்சு

என் கையெழுத்து கொஞ்சம் கோணல். கல்லூரி விசாரணைக் குழு டைப் அடித்துத் தரச் சொல்லியிருந்தது, கையால்தான் எழுதியிருக்கிறேன். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

நீங்கள் கேட்டது பஞ்சவர்ணம் அக்காவின் வலது கையைப் பற்றி. அதற்குக் கம்ப்யூட்டரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் கதவுக் கீல் அடிக்கும் கம்பெனி அது. முதலாளி கோவிந்தன் சார் எண்பத்தெட்டில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். அதற்குத் தனி அறை, ஏ.சி., வெல்வெட் உறை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தூசி ஆகாதாம், வியர்க்கக் கூடாதாம். தகட்டை அழுத்திக் கீல் வெட்டும் பிரஸ் ஷாப்பில் முப்பது பேர் தகரக் கூரைக்குக் கீழே வெந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு எல்லாம் ஆகும்.

அந்தக் கம்பெனியில் நாங்கள் செய்த இறுதியாண்டு புராஜெக்ட்டுக்குப் பெயர் எக்ஸ்பர்ட் சிஸ்டம். அந்த வருஷம் செயற்கை அறிவு என்றால் அதுதான். அதற்கு முன் இயந்திரம் சதுரங்கம் ஆடினால் அறிவு என்றார்களாம். ஆடிக் காட்டியதும் அது வெறும் கணக்கு என்று கைகழுவிவிட்டார்கள். எங்கள் முறை வந்தபோது, அனுபவசாலி ஒருவரின் மண்டையில் இருப்பதையெல்லாம் ‘இப்படியானால் இப்படிச் செய்’ என்று வரிவரியாக ஏற்றினால் போதும், இயந்திரத்துக்கு அறிவு வந்துவிடும் என்றார்கள்.

அனுபவசாலி, கஜபதி அண்ணன். பிரஸ்களைப் பழுதுபார்க்கும் ஃபிட்டர். பட்டாபிராமிலிருந்து ரயிலில் வருவார். மூன்று வாரம் நோட்டும் கையுமாக அவர் பின்னால் அலைந்தேன். நாற்பது விதிகள் ஒழுங்காகச் சொன்னார். நாற்பத்தோராவதாக மூன்றாம் நம்பர் பிரஸ்ஸைத் தட்டிக்கொடுத்து, “நிறுத்தனதும் இது பெருமூச்சு வுட்ச்சுன்னா மனசு செரியில்லன்னு அர்த்தம் நைனா. அன்னிக்கி கை வெக்காதே” என்றார்.

“மெஷினுக்கு ஏதுண்ணே மனசு?”

“உன் பொட்டிக்கு வேர்க்கும்ன்றே. இதுக்கு மனசு இருந்தா ஒனக்கு இன்னா நோவுது?”

கல்லூரிச் சுவர்ப் பத்திரிகையில் நகைச்சுவைப் பகுதி என் பொறுப்பு. அந்த வாரம் மூன்றாம் நம்பர் பிரஸ், முதலாளிக்கு எழுதிய விடுப்பு விண்ணப்பம் வெளியானது. ‘மனம் சரியில்லாத காரணத்தால் இரண்டு நாள் விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.’ கல்லூரியே சிரித்தது. துறைத் தலைவர் நின்று இரண்டு தடவை படித்தார்.

செயல்விளக்க நாளன்று வெளித் தேர்வாளர், துறைத் தலைவர், முதலாளி எல்லோரும் ஏ.சி. அறையில் வெறுங்காலுடன் நின்றார்கள். மூன்றாம் நம்பரை ஓட்டலாமா என்று தேர்வாளர் கேட்டார். கம்ப்யூட்டர் கேள்வி கேட்டது, நான் பதில் தட்டினேன், ஓட்டலாம் என்றது. எல்லோரும் கீழே ஷாப்புக்கு இறங்கினோம். கஜபதி அண்ணன் பிரஸ்ஸுக்குக் குறுக்கே நின்றார்.

“இன்னிக்கி வேணாம் சார். ஒரு மாரி கீது.”

“நீ சொன்னதுதான்யா பூரா அதுக்குள்ள இருக்கு. உன் மூளைய நீயே நம்பலேன்னா எப்படி?” என்றார் முதலாளி.

அண்ணன் என்னைப் பார்த்தார். “எல்லாத்தையும் ஏத்திட்டியா நைனா?”

“ஏத்திட்டேண்ணே.”

விலகிக்கொண்டார். பஞ்சவர்ணம் அக்கா அந்த பிரஸ்ஸில் ஆறு வருஷம். சேக்காட்டிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். “உன் பொட்டி இன்னா சொல்லுது தம்பி?” என்று என்னிடம்தான் கேட்டார்.

“ஓட்டலாம்னு சொல்லுதுக்கா.”

“படிச்ச பொட்டி. சொன்னா செரியாத்தான் இருக்கும்.” புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார்.

பதினோராவது கீல். பிரஸ் ஒருமுறை இறங்கி ஏறியது. அக்கா கீலை எடுக்கக் கை விட்டார். யாரும் பெடலை மிதிக்காமலே அது இன்னொரு முறை இறங்கியது. நான்கு விரல்கள்.

பிறகு வந்த இன்ஜினியர், பிரேக் தேய்ந்திருந்தது, அந்தச் சத்தம் அதனால்தான் என்று அறிக்கை கொடுத்தார். ஆக, மனசு இல்லை, பிரேக். நான் சொன்னதுதான் சரி. இதுவரை யாரும் பாராட்டவில்லை.

நாற்பத்தோராவது விதியை நான் மறந்துவிட்டதாகக் குழு நினைக்கிறது. எனக்கு ஞாபகசக்தி அதிகம். ஏற்றியிருந்தேன். அன்று காலை ஷிஃப்ட் தொடங்குமுன் மூன்றாம் நம்பரை ஓடவிட்டு நிறுத்தினேன். பெருமூச்சு கேட்டது. மேலே போய், பெருமூச்சு விடுகிறதா என்ற கேள்விக்கு ஆம் என்று தட்டினேன். ‘மனசு செரியில்ல. கை வெக்காதே’ என்று திரையில் வந்தது, அண்ணன் சொன்னபடியே. அதைத் தேர்வாளர் சத்தமாகப் படிப்பார், எல்லோரும் சிரிப்பார்கள் என்று தோன்றியது. அந்தக் கல்லூரியில் சிரிக்க வைப்பவன் நான். அந்த ஒரு விதியை அழித்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

அண்ணனிடம் நான் பொய் சொல்லவில்லை. ஏற்றினாயா என்றார், ஏற்றினேன். எடுத்துவிட்டாயா என்று அவர் கேட்கவில்லை.

மன்னிப்புக் கடிதம் வேண்டுமென்றால் பிழையில்லாமல் எழுதித் தருகிறேன். ஆனால் மெஷினுக்கு மனசு கிடையாது. இதை அடிக்கோடிட்டே எழுதுகிறேன். எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்வேன்.

டைப் அடிக்காததன் காரணம். நேற்று கல்லூரி லேபில் இதற்காகத்தான் உட்கார்ந்தேன். ஆரம்பிக்குமுன் எதற்கும் இருக்கட்டும் என்று கம்ப்யூட்டரை ஒருமுறை நிறுத்திப் பார்த்தேன். உள்ளே காற்றாடி ஓய்ந்து நின்றபோது பெருமூச்சு மாதிரி ஒரு சத்தம்.

கை வைக்கவில்லை.