ஏழு பேரும் இறங்கின மலை

இல்லம்மா, தூங்கல. கண்ணுக்குக் கொஞ்சம் ஓய்வு குடுத்தேன், அவ்வளவுதான். இந்தப் புத்தகமா? தாராளமா எடுத்துப் பாருங்க. ஆனா என்னைக் கேட்டா வேண்டாம்னுதான் சொல்லுவேன். கப்பல்ல உலகத்தைச் சுத்தினவர் எழுதினது. கப்பல் கெளம்பவே நாப்பத்தஞ்சு பக்கம் ஆகுது. பெட்டியில எத்தனை சட்டை வெச்சாருன்னு எனக்கு எதுக்கு?

மெதுவா பேசுவோம், என்ன? ஜன்னலோரம் சாஞ்சிருக்காரே, அவருதான் எங்க வீட்டுக்காரரு. ரயில் ஏறினதுலேர்ந்து முழிச்சிருந்தாரு, இப்பத்தான் கண்ணசந்தாரு. சக்கரையில பார்வை போயி நாலு வருஷம் ஆச்சு. அதுலேர்ந்து நான் படிக்க, அவரு கேக்க. பயணக் கதைன்னா உசுரு. ஆனா தெருமுனைக்குக்கூட வர மாட்டாரு. நாலு ஊரு போயிட்டு வரலாம்னு கூப்பிட்டுக் கூப்பிட்டு என் வாய்தான் வலிச்சுது. பாக்க முடியாதவனுக்கு எந்த ஊரா இருந்தா என்னம்பாரு.

நானா? பத்திரப்பதிவு ஆபீஸ்ல வேலை. பகல் முழுக்க அடுத்தவங்க பத்திரம், சாயங்காலம் இவருக்குப் புத்தகம். எழுத்தைப் பாத்தாலே கொட்டாவி வருதும்மா.

போன மாசம் ஒருத்தன் சைக்கிள்ல பாலைவனத்தைக் கடந்த கதை. அதுல பாலைவனத்தை விட அவன் முட்டிவலிதான் நிறைய வருது. என் முட்டிய யாரு எழுதுறா? அப்புறம் ஒரு துப்பறியும் கதை. மாமனாருதான் நகையத் திருடினாருன்னு பத்தாம் பக்கத்துலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. இவருகிட்ட மூச்சு விடாம இன்னும் இருநூறு பக்கம் படிச்சேன், என் தலையெழுத்து.

பிடிச்சதா? இருக்கு, ஒண்ணே ஒண்ணு. மலை ஏறின கதை. எழுதினவருக்கு அலட்டலே இல்ல. ஏழு பேரு ஏறுறாங்க, மூணு பேருதான் எறங்குறாங்க. அந்தப் பக்கம் வந்ததும் நிமிந்து பாத்தேன். இவரு மூஞ்சிய முன்னாடி நீட்டிக்கிட்டு, அசையாம கேட்டுக்கிட்டு இருக்காரு. எப்படிம்மா சாகடிக்கிறது? மனசு வரல. ஏழு பேரையும் பத்திரமா எறக்கி விட்டுட்டேன்.

அதோட விட்டாரா? அந்த ஏழு பேர்ல கால் ஒடிஞ்ச சமையக்காரன் ஒருத்தன் இருந்தானே, அவன் அப்புறம் என்ன ஆனான்னு சாப்பிடும்போது கேக்குறாரு. புத்தகத்துல செத்தவனுக்கு நான் கல்யாணம் பண்ணி வெச்சு, ரெண்டு பிள்ளையும் குடுத்தேன். பிள்ளைங்க பேரைக்கூட ஞாபகம் வெச்சுக்க வேண்டியதாப் போச்சு.

தப்புதான், இல்லைங்கல. எழுதினவருக்குத் தெரிஞ்சா சண்டைக்கே வருவாரு. ஆனா ஒரு தடவ பண்ணிட்டா அப்புறம் நிறுத்த முடியல. அதுக்கப்புறம் நான் படிச்ச எந்தப் புத்தகத்துலயும் யாரும் சாகல.

எங்க போறோமா? அந்த மலைக்குத்தான். உச்சிக்கெல்லாம் இல்லம்மா, அடிவாரத்துல ஒரு லாட்ஜ். ஆமா, இவருக்கு என்ன தெரியப்போகுது. நான்தான் பாத்துப் பாத்துச் சொல்லணும்.

இல்ல, என் ஆசை இல்ல, அவரா கேட்டதுதான். மூணு வாரம் முன்னாடி ஆஸ்பத்திரியிலேர்ந்து ஒரு கவர் வந்துச்சு. இவருக்கு வயித்துல ஒரு கட்டி, அதைச் சோதிச்சுட்டு டாக்டர் எழுதின கடிதம். நாற்காலியில சாஞ்சுக்கிட்டு, படின்னாரு. நானும் கதை படிக்கிற அதே குரல்ல படிச்சேன். பயப்படுற மாதிரி கட்டி இல்ல, மாத்திரை போதும், ஆறு மாசம் கழிச்சு வந்து காட்டுங்கன்னு. ஆனா அதுல மூணு மாசம், கூடிப்போனா நாலுன்னுதான் போட்டிருந்துச்சும்மா.

அவரு கையை நீட்டி என் கையத் தேடிப் பிடிச்சுக்கிட்டாரு. இத்தனை நாள் சொல்லாததை அன்னைக்குச் சொன்னாரு, நீ நல்லா படிச்சேன்னு. அப்புறம், அந்த மலைக்கு டிக்கெட் போடு, இந்த மாசமே போயிடலாம்னாரு.

ஆறு மாசம் கழிச்சு டாக்டரப் பாத்தா போதும்னு கேட்ட மனுஷனுக்கு அப்படி என்ன அவசரம்னு நான் கேக்கல. அவரும் சொல்லல.