தில்லையம்மாள் படித்துக்காட்டிய ஊர்கள்

மேடையில் அமர்ந்திருக்கும் தலைவர் பட்டாபி ஐயா அவர்களே, சிதம்பரத்திலிருந்தும் கடலூர் பழைய டவுனான ஓ.டி.யிலிருந்தும் வந்து கண்கலங்கி நிற்கும் மாதர் சங்கத்துச் சகோதரிகளே, வணக்கம்.

என் மூத்த பேரன் நடனசபாபதி பி.ஏ. பரீட்சையில் முதல் வகுப்பில் தேறிவிட்டான். பேத்தி குணசுந்தரி எஸ்.எஸ்.எல்.சி. கணக்கில் பள்ளிக்கூடத்துக்கே முதல். சின்னவன் சபாநாயகம் நீச்சல் போட்டியில் வெள்ளிக் கோப்பை வாங்கினான். இரங்கல் கூட்டத்தில் இந்தக் கிழவி ஏன் இதையெல்லாம் சொல்கிறாள் என்று நினைப்பீர்கள். நம் சங்கத் தலைவி தில்லையம்மாள் எந்தக் கூட்டத்திலும் என்னைப் பார்த்ததும் கேட்பது இதைத்தான்: “ராஜாம்பா, புள்ளைங்க இன்னா ஜெயிச்சுதுங்க?” இன்று கேட்க அவர் இல்லை. நானே சொல்லிவிட்டேன்.

அம்மையார் செய்த தொண்டு எது? எனக்கு முன் பேசியவர்கள், நந்தவனத்துக்குக் கிணறு வெட்டினார் என்றார்கள். உண்மைதான். பெண்களுக்கு மாலைப் பள்ளி வைத்தார் என்றார்கள். அதுவும் உண்மைதான். ஓ.டி.யில் அவர் நடத்திவந்த பாட்டில் கொட்டகையைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லையே, ஏன்?

பாண்டிச்சேரி வீடுகளில் காலியான ஒயின் பாட்டில்களை வாங்கிக் கழுவி, எண்ணெய்க்கும் பன்னீருக்கும் விற்கும் கொட்டகை அது. குப்பத்துக் கைம்பெண்கள் அதில்தான் கஞ்சி குடிக்கிறார்கள். மதுவிலக்கு வந்த நாளிலிருந்து நம்மவர்களுக்கு அது கூச்சமாகிவிட்டது. மூடிவிடலாம் என்று இந்தக் கூட்டம் முடிந்ததும் தீர்மானம் வரப்போகிறது. அதற்கு முன் பேசிவிடுகிறேன்.

அங்கே ஒரு பிற்பகலை நினைத்துப் பாருங்கள். அண்டாவில் பாட்டில்கள் ஊறும். பசை விட்டு லேபிள்கள் மெல்ல மேலே மிதந்து வரும். தங்க எழுத்து, திராட்சைக் கொடி, கோட்டை போன்ற வீடு. தண்ணீரில் ஒரு சீமையே அசையும். பாண்டிச்சேரியில் பிறந்து பிரெஞ்சு படித்த அம்மையார், ஒவ்வொன்றாக உள்ளங்கையில் ஏந்திப் படிப்பார். நாங்கள் ஈரக் கையோடு கேட்டுக்கொண்டே இருப்போம்.

பெரிய எழுத்தில் இருப்பது முதலாளி பெயர் என்றுதான் நினைத்திருந்தோம். நம் எண்ணெய் டின்னில் அப்படித்தானே? இல்லை என்றார். பிரெஞ்சு லேபிளில் ஊர்தான் முன்னால் நிற்குமாம், நாம் பெயருக்கு முன் ஊரைப் போட்டுக்கொள்வது போல. ஜில்லா பெயர் மட்டும் இருந்தால் சாதாரணம். ஊர் பெயர் இருந்தால் உசத்தி. ஒரே ஒரு தோட்டத்தின் பெயர் இருந்தால் இன்னும் உசத்தி. இடம் சுருங்கச் சுருங்க மதிப்பு ஏறும். ஜெர்மன் லேபிளில், பழத்தை எவ்வளவு பிந்திப் பறித்தார்கள் என்று எழுதியிருக்குமாம். இலையெல்லாம் உதிர்ந்து, பனி இறங்கி, கொடியில் பழம் மட்டும் தனியாகக் காத்திருக்கும் என்பார். உச்சி வெயிலில் எங்களுக்குக் குளிரும்.

ஒரு நாள் வந்த பாட்டிலில், மேலே பர்கண்டி என்று பிரெஞ்சு தேசத்து ஊர்ப்பக்கம் ஒன்றின் பெயர். அடியில் பொடி எழுத்தில் ஆஸ்திரேலியா. குப்பத்து வேலம்மாள் விடவில்லை.

“ஏம்மா, அதுக்குச் சொந்த ஊரு இல்லியா? நாங்க கடல்ல புடிச்ச மீன, சேத்தியாத்தோப்பு ஆத்து மீனுன்னு வித்தா உடுவீங்களா?”

“சரக்கு நல்லாத்தான் இருக்கும் வேலம்மா. சொந்தப் பேரச் சொல்லிக்கத்தான் அதுக்கு இன்னும் தைரியம் வரல.”

குடித்துப் பார்க்காமல் இவ்வளவு எப்படித் தெரியும் என்று ஊரில் பேசினார்கள். நம் அபயாம்பாள் நேரிலேயே கேட்டுவிட்டார். அம்மையார் கோபிக்கவில்லை.

“எங்கிட்ட வரப்பவே காலியாத்தானே வருது, அபயம்? ருசியெல்லாம் குடிச்சவுங்களோட போச்சு. எனக்குப் பேரு மட்டுந்தான் மிச்சம்.”

சகோதரிகளே, அந்தப் பெயர்களைக் கொண்டே எங்களை எத்தனை தேசம் அழைத்துப்போனார்! அவர் கண்மூடியதும் அந்தக் கதவைச் சாத்துவதா? தீர்மானம் வந்தால் அதற்கு எதிராக நான் கை தூக்குவேன். எனக்கு ஐந்தாம் வகுப்புப் படிப்புதான், பிரெஞ்சு தெரியாது. ஆனாலும் நாளைக் காலை நானும் வேலம்மாளும் அண்டாவில் தண்ணீர் நிரப்புவோம்.

மாலை போட்டிருக்கும் படத்தைப் பாருங்கள். கொட்டகை வாசலில் எடுத்தது. வலது கை பாதியில் நிற்கிறது. அந்தக் கையில் பாட்டில் இருந்தது. படத்துக்கு மரச்சட்டம் போடும்போது நம்மவர்கள் அதை வெட்டிவிட்டார்கள்.

தம்பி மணவாளா, உன் அம்மாவை நீதான் படம் எடுத்தாய். நெகடிவ் உன் ஸ்டூடியோவில்தான் இருக்கும். பட்டணம் போய்ச் சேர்ந்ததும் புதிதாக ஒரு படம் போட்டுத் தபாலில் அனுப்பிவை, அப்பா. கை முழுசாக இருக்கட்டும்.