ரெண்டே கால் ஓம்

வீரய்யா: ...அப்ப மறுபடியும் நின்னுருச்சுன்னு சொல்லு.

பழனியாண்டி: நிக்கல. கொஞ்சம் ஓய்வெடுக்குது.

வீரய்யா: வேலையில இருந்து ஓய்வெடுத்தது நீயும் நானும்தான். ரிசீவருமா எடுக்கும்? அது வந்தே ரெண்டு மாசம்தானே ஆகுது.

பழனியாண்டி: வேல கெட்ட நேரத்துல நீ எதுக்கு வந்த? அதச் சொல்லு.

வீரய்யா: ஒம் மக கட்டார்ல இருந்து அனுப்பின ஹோம் தியேட்டர் சாமான். தோட்டமே பாத்துருச்சு, நான் பாக்கக் கூடாதா? அன்னைக்கு நீ படம் போட்டு குண்டு வெடிச்சதுல என் கோழி மூணும் பஸ் ஏறி ராகலைக்கே போயிருச்சு.

பழனியாண்டி: ஒனக்கு ஏது கோழி?

வீரய்யா: அதான், போயிருச்சுங்கறேன்ல.

பழனியாண்டி: வயித்தெரிச்சல், வீரய்யா. வெளிய வர்ற பொகை ஒங் காதுல தெரியுது.

வீரய்யா: எனக்கா? நாப்பது வருசம் நம்ம கோயில் திருவிழாவுக்குக் கொழாய் ஸ்பீக்கர் கட்டினவன்யா நான். நான் கட்டினா சத்தம் மஸ்கெலியா டேம்ல அலையடிக்கும். அப்பேர்ப்பட்டவன் நடுவுல ஒரு வீடு தள்ளி இருக்கேன், நீ ஹட்டன்ல இருந்து ஆளக் கூட்டியாந்து மாட்டுற.

பழனியாண்டி: எல்லாம் மக சுதர்ஷினி ஏற்பாடு. அந்த நிரஞ்சன் பயலுக்குக் காசும் அங்க இருந்தே கட்டிட்டா. இன்னைக்கும் வர்றான்.

வீரய்யா: ...இன்னைக்கா?

பழனியாண்டி: பதினோரு மணி பஸ்ல. ராத்திரி அவ போன்ல சொன்னா, "அப்பா, நீங்க எதையும் தொடாதீங்க, அவரு கூரைக்கு மேல ஏறி வயரெல்லாம் பாப்பாரு"ன்னு.

வீரய்யா: மேல எதுக்கு ஏறணும்?

பழனியாண்டி: அதத்தான் நானும் கேட்டேன்.

வீரய்யா: தகரம் தாங்காது. குளவி வேற கட்டிருக்கு, ஒவ்வொண்ணும் தேங்காத் தண்டி.

பழனியாண்டி: ஆமா... நானும் பாத்தேன். தேங்கா என்னா, பலாக்கா.

வீரய்யா: நீ எப்ப பாத்த?

பழனியாண்டி: கீழ இருந்துதான். நீ எப்ப பாத்த?

வீரய்யா: ...நானும் கீழ இருந்துதான். சரி, மணி பத்தரை தாண்டிருச்சு. அவன் வர்றதுக்கு முன்னாடி நான் இந்த எடத்துலயே குத்தத்தக் கண்டுபுடிச்சிர்றேன். ஒருத்தரும் ஏற வேணாம். ஓம் அளக்கிற மீட்டரு கொண்டாந்திருக்கேன்.

பழனியாண்டி: பேக்டரி மீட்டரா அது? வேலைய விட்டு வரும்போது ஒப்படைக்கலியா?

வீரய்யா: மறந்து என்கூடவே வந்துருச்சு. எத்தனை ஸ்பீக்கரு ஒனக்கு?

பழனியாண்டி: அஞ்சு. முன்னால மூணு, பின் சுவத்துல ரெண்டு. பின்னால உள்ள ரெண்டுக்கும் வயரு கூரைக்குள்ள வளை மரத்து மேல போகுது.

வீரய்யா: ம்... எப்ப இருந்து நிக்குது?

பழனியாண்டி: போன வெள்ளிக்கெழமையில இருந்து. பத்து நிமிசம் ஓடும், சத்தத்தக் கூட்டினா டக்குனு அணைஞ்சிரும். மேல தொட்டா தோசைக்கல்லு.

வீரய்யா: படத்துல மழை பெய்யறப்ப, இடி இடிக்கறப்ப நிக்கும். ஆளுக பேசறப்ப நிக்காது.

பழனியாண்டி: அது எப்படி ஒனக்குத் தெரியும்?

வீரய்யா: ...சுவரு வழியா கேக்குதுல்ல.

பழனியாண்டி: ஒனக்கும் எனக்கும் பொதுச் சுவரு ஏது? நடுவுல அம்மாக்கண்ணு வீடு இருக்கு.

வீரய்யா: நீ வைக்கிற சத்தம் நோட்டன் பிரிட்ஜுக்கே கேக்குது, எனக்குக் கேக்காதா? பேச்சக் கொடுக்காம ரிசீவரத் திருப்பு. முதுகுல என்னா எழுதிருக்கு?

பழனியாண்டி: எறும்பு மாதிரி இருக்கு. நீயே வாசி.

வீரய்யா: "ஆறு ஓம் முதல் பதினாறு ஓம் வரை." இதுதான் சட்டம். ஸ்பீக்கருங்கறது கரண்ட மறிச்சு நிக்கிற சாமான், கேட்டுல வாச்சர் நிக்கிற மாதிரி. ஆறுக்குக் கொறைஞ்சா மறிக்க ஆள் பத்தாது, கரண்டு கண்டபடி பாயும். ரிசீவரு தன்னக் காப்பாத்திக்க அணைஞ்சிரும்.

பழனியாண்டி: என் ஸ்பீக்கரு எல்லாம் எட்டு ஓம். நிரஞ்சன் சொன்னான்.

வீரய்யா: நிரஞ்சன் சொன்னானாம். பின்னால உள்ள ரெண்டு வயரையும் கழட்டு... இந்தா, வலது பக்கம். ஆறரை.

பழனியாண்டி: எட்டுன்னுல்ல சொன்னான். ஏமாத்திட்டானா?

வீரய்யா: மீட்டர்ல கொஞ்சம் கொறைச்சலாத்தான் காட்டும். எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு ஆறரை சரியான கணக்கு. இப்ப எடது... 

பழனியாண்டி: என்னா?

வீரய்யா: இரு.

பழனியாண்டி: எவ்வளவு காட்டுது?

வீரய்யா: ...மீட்டரு பழசு. இன்னொரு தடவ வைக்கிறேன்.

பழனியாண்டி: வச்சுட்டியே. சொல்லேன்யா.

வீரய்யா: ரெண்டே கால்.

பழனியாண்டி: அது நல்லதா, கெட்டதா?

வீரய்யா: மச்சான்... ஒண்ணு சொல்லணும். நிரஞ்சன் மேல ஏறிப் பாத்துச் சொல்றத விட நான் சொல்றது மரியாதை. தோட்டமே சிரிக்கும்படி ஆயிரக் கூடாது.

பழனியாண்டி: சொல்லு.

வீரய்யா: நம்ம லயத்து வீட்டு வரிசையில நடுச் சுவரு கூரை வரைக்கும் போகல. மேல எல்லா வீடும் ஒரே வீடுதான். மூணு வாரத்துக்கு முன்னாடி... என் வீட்டுப் பக்கமா ஏறி, ஒன் எடது வயர்ல ஒரு வயர முறுக்கிட்டேன். கோயில் சாமானுல ஒரு பொட்டி ஸ்பீக்கரு மிச்சம் இருந்துச்சு. அதுவும் எட்டு ஓம்.

பழனியாண்டி: திருட்டுச் சத்தம் கேட்டியா நீ?

வீரய்யா: அத ஏன் கேக்கிற. பின் ஸ்பீக்கரு வயர்ல என்னா வரும்? மூணு படம், மழை, இடி, நாய் கொலைக்கிறது. ஒருத்தனும் வாயத் தொறந்து ஒரு வார்த்தை பேசல.

பழனியாண்டி: வேணும். நல்லா வேணும். வயித்தெரிச்சல் புடிச்சவனே, இத்தனை வருசப் பழக்கத்துக்கு இதான் மரியாதையா? கேட்டா உக்கார வச்சிருக்க மாட்டேனா?

வீரய்யா: ஒரு நாள் கூப்பிட்டியா நீ? கதவச் சாத்திக்கிட்டுத்தானே பாத்த.

பழனியாண்டி: ஆமா, சாத்தினேன். திருவிழாவுல நீ மைக்கப் புடிச்சுக்கிட்டு "அலோ அலோ"ன்னு நின்ன நிப்பு இருக்கே... இருபத்தஞ்சு வருசம் கணக்கப்புள்ளையா இருந்தவன் நான், என்னய ஒருத்தர் திரும்பிப் பாக்கல. அம்மாக்கண்ணு உட்பட. எனக்கும் ஒரு நாளு வேணாமா?

வீரய்யா: சரி, சரி. திட்டி முடிச்சிட்டியா? இப்ப நான் ஒரு கணக்கு கேக்கறேன். எட்டு ஓமோட இன்னொரு எட்டு ஓம் சேந்தா பாதியாகும். ஆறரையில பாதி எவ்வளவு?

பழனியாண்டி: மூணே கால்.

வீரய்யா: மீட்டரு என்னா காட்டுது?

பழனியாண்டி: ரெண்டே கால்... மீட்டரு பழசுன்னு நீதானே சொன்ன.

வீரய்யா: வலது பக்கத்துக்குச் சரியாத்தானே காட்டுச்சு. ஆறரைய மூணாப் பங்கு போட்டாத்தான் ரெண்டு சொச்சம் வரும். என் வயரு மூணு வாரமா கெடக்குது, ரிசீவரு இழுத்துப் புடிச்சு ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. வெள்ளிக்கெழமை என்னா நடந்துச்சு, பழனியாண்டி?

பழனியாண்டி: ...எலி கடிச்சிருக்கும்.

வீரய்யா: எட்டு ஓம் எலியா?

பழனியாண்டி: சத்தமாப் பேசாத.

வீரய்யா: இந்த வயர்ல மூணாவதா ஒரு ஸ்பீக்கரு தொங்குது. யாரோடது?

பழனியாண்டி: என்னோடதுதான்.

வீரய்யா: ஒன்னோடது அஞ்சும் இங்கதானே இருக்கு.

பழனியாண்டி: மஸ்கெலியாவுல ரிஸ்வி நானா கடையில தனியா ஒண்ணு வாங்கினேன். மேல ஏறினப்ப வளை மேல ஒரு பழைய வயரு முறுக்கிக் கெடந்துச்சு. நிரஞ்சன் போட்டதுன்னு நெனச்சு அதுலயே முறுக்கிட்டேன்.

வீரய்யா: என் வயர்லயா முறுக்கின? சரி, எந்த வீட்டுக்கு?

பழனியாண்டி: அத விடு. பஸ் வர்ற நேரமாச்சு.

வீரய்யா: எந்த வீட்டுக்கு, மச்சான்?

பழனியாண்டி: நடு வீட்டுக்கு. அம்மாக்கண்ணுக்கு. கோடாலிப் பார்வை பாக்காத. மகன் சம்சாரத்தக் கூட்டிக்கிட்டு கொழும்புக்குப் போனதுல இருந்து வீடு சத்தமில்லாமக் கெடக்குன்னு பீலியில தண்ணி புடிக்கறப்ப சொல்லுச்சு. காலையில ஆறு மணிக்கு பாட்டு போட்டு, எல்லா ஸ்பீக்கர்லயும் வர்ற பொத்தான அமுக்கிருவேன். அவ்வளவுதான்.

வீரய்யா: ஆறு மணிப் பாட்டு... அதுக்குத்தானா.

பழனியாண்டி: பொட்டிய வாசல்லயே நின்னு குடுத்தேன். உள்ள கூடப் போகல. வாங்கிட்டு என்னா சொல்லுச்சு தெரியுமா? "எனக்காக இப்படி யாரு செய்வா, ஒங்களத் தவிர"ன்னுச்சு. கண்ணு கலங்கிருச்சு, வீரய்யா.

வீரய்யா: ...அப்படியேவா சொல்லுச்சு?

பழனியாண்டி: அதே வார்த்தை. ஏன்யா மூஞ்சி இப்படிப் போகுது?

வீரய்யா: ஒண்ணுமில்ல. வளைவுல பஸ் ஆரன் அடிக்குது, கேட்டியா? நிரஞ்சன் வர்றதுக்குள்ள ஒரு வயர வெட்டணும்.

பழனியாண்டி: ரெண்டையும் வெட்டணும்னு சட்டம் சொல்லுதே. ஆறுக்குக் கொறையக் கூடாதுல்ல?

வீரய்யா: ஒண்ணு இருந்தா சத்தத்த அடக்கி வச்சு ஓட்டலாம். ஒன்னோடத வெட்டு.

பழனியாண்டி: என்னோடத ஏன் வெட்டணும்? திருட்டு வயரு ஒன்னோடது. மழையும் இடியும் கேக்கிறதுக்கு ஒனக்கெதுக்கு ஸ்பீக்கரு? என் வயரு போனா அம்மாக்கண்ணு காலையில பாட்டில்லாம ஒக்காந்திருக்கும்.

வீரய்யா: ஒக்காந்திருக்காது.

பழனியாண்டி: ஏன்?

வீரய்யா: என் பொட்டி என் வீடு வரைக்கும் வரல, மச்சான். மூணு வாரமா நடு வீட்டுலதான் இருக்கு, மழை இடியெல்லாம் அது சொல்லித்தான் எனக்குத் தெரியும்... வாசல்ல நின்னு வாங்கறப்ப எனக்கும் அதே வார்த்தையத்தான் சொல்லுச்சு.