சகவும் சயவும்

யாழ்ப்பாணத்தில் அண்டவியல் படித்தவனுக்கு ஒரு தொல்லை உண்டு. கிணறு வெட்டவும் பெண் பார்க்கவும் நாள் கேட்டு ஆட்கள் வருவார்கள். பிரபஞ்சம் எப்படித் தொடங்கியது என்பதுதான் என் ஆராய்ச்சி, உங்கள் மகளின் கல்யாணம் எப்போது என்பதல்ல என்று சொல்லிப் பார்த்தேன். "அது தெரிஞ்ச உங்களுக்கு இது தெரியாதோ?" என்பார்கள். நியாயமான கேள்விதான்.

இங்கிலாந்தில் கலாநிதிப் பட்டம் பெற்று 1983 இல் திரும்பி வந்தேன். எல்லாரும் வெளியே ஓடிய வருடத்தில் உள்ளே வந்த ஒரே புத்திசாலி என்று எங்கள் ஊர் தெல்லிப்பழையில் பகிடி பண்ணினார்கள். எனக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. என் தொழிலுக்குத் தொலைநோக்கி வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். தாளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது பழைய பரீட்சைத் தாள்களின் பின்பக்கத்தில் எழுதினேன்.

என் கோட்பாட்டின்படி பிரபஞ்சத்துக்குத் தொடக்கமே இல்லை. முன்பிருந்த பிரபஞ்சம் சுருங்கிச் சுருங்கி, பந்து நிலத்தில் பட்டு எழும்புவதுபோல் எழும்பி, இப்போது நாம் இருக்கும் பிரபஞ்சமாக விரிந்தது. வெளிநாட்டுச் சஞ்சிகைகள் இதை வெளியிட்டன. நான் படிப்பித்த பல்கலைக்கழக வளாகத்தில் என்னைக் கண்டால் எழுந்து நின்றார்கள். அது எனக்குப் பிடித்திருந்ததை மறைக்கமாட்டேன்.

அருந்ததி கணிதத்துறையில் உதவி விரிவுரையாளர். தொண்ணூற்றிரண்டில் ஒரு மத்தியானம், தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு மெல்லச் சொன்னாள்.

"சேர், சுருங்கேக்கை சின்னச் சின்ன அலையள் இருக்குமெல்லோ. அது அடங்காது போலை கிடக்கு. பெருக்குது."

"பெருத்தால்?"

"பந்து எழும்ப முதலே உடைஞ்சிடும்."

தன் தாள்களைத் தந்தாள். வாசித்தேன். எல்லாம் சரியாக இருந்தது. அவளிடம் எனக்குப் பிடிக்காத ஒரே குணம் அதுதான்.

அந்த நேரம் அவளுக்குக் கனடாவில் ஆராய்ச்சி செய்ய இடம் கிடைத்திருந்தது. அங்கே போனதும் இதைத்தான் முதலில் வெளியிடுவாள். என் பெயரையும் மரியாதையாகக் குறிப்பிடுவாள், பிழை விட்டவர் என்ற இடத்தில்.

சில நாளில் அவளுடைய தாய் சிவக்கொழுந்து என் வீட்டுக்கு வந்தார்.

"தம்பி, நீங்கள் கிரகம் படிச்சனீங்கள். இவளை விடலாமோ?"

வழக்கமாகச் சிரித்து அனுப்பிவிடுவேன். அன்று சாதகத்தைக் கொண்டுவரச் சொல்லி, சஞ்சிகைக் கட்டுரையைப் பார்ப்பதுபோல் நிதானமாகப் பார்த்தேன். தாய்க்கு ஆபத்து என்று சொன்னால் அந்த மனுசி அசையமாட்டார். மகளைப் போகத்தான் சொல்லுவார். அதனால், "பிள்ளைக்குத் தண்ணியிலை கண்டம் கிடக்கு, அம்மா," என்றேன். அப்போது கொழும்புக்குப் போவதென்றால் கிளாலியில் கடலேரியை வள்ளத்தில் கடக்கவேண்டும். அதில் எத்தனையோ பேர் செத்தார்கள். ஆகவே விஞ்ஞானரீதியாக நான் சொன்னது பொய்யல்ல.

அவள் புறப்படவிருந்த அன்று சிவக்கொழுந்து வாசலில் குறுக்கே படுத்துக்கொண்டார். "என்னை மிதிச்சுக்கொண்டு போ." அருந்ததிக்குக் கிரகங்களில் நம்பிக்கை இல்லை. ஆனால் தாயை மிதிக்கக் கால் வரவில்லை. பெட்டியை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டாள்.

அடுத்த வருடம் பக்கத்து வளவில் ஷெல் விழுந்தது. அவள் யன்னலோரம் இருந்து சோதனைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாளாம். கண்ணாடி சிதறி இரண்டு கண்ணும் போயின. ஆபத்து தண்ணீரில் வரவில்லை என்பதை நானே ஒத்துக்கொள்கிறேன்.

அவர்களை நான் கைவிடவில்லை. கிழமைதோறும் சைக்கிளில் போய் அவளுக்குக் கட்டுரைகள் வாசித்தேன். "சேர் எங்களுக்குக் கடவுள் மாதிரி," என்று சிவக்கொழுந்து ஒழுங்கையெல்லாம் சொல்லித் திரிந்தார். ஒருநாள் அருந்ததி தன் பழைய தாள்களை எடுத்துத் தந்தாள்.

"இதை ஒருக்கா முழுசா வாசியுங்கோ சேர். சரியெண்டால் அனுப்புவம். உங்கடை பேரும் போடுவம்."

வாசித்தேன். எங்கள் பள்ளிக்கூடங்களில் கூட்டல் குறியைச் 'சக' என்றும் கழித்தல் குறியைச் 'சய' என்றும் சொல்லித் தருவார்கள். ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். நீண்ட வரியொன்றின் நடுவில் 'சய' இருந்த இடத்தில் 'சக' என்று வாசித்தேன். சக என்றால் அலை அடங்கிவிடும்.

"நில்லுங்கோ சேர். அதிலை சய எண்டெல்லோ எழுதினனான்?"

"இல்லைப் பிள்ளை. சக."

"வடிவாப் பாருங்கோ."

வடிவாகப் பார்த்தேன். அவளுடைய கையெழுத்து அச்சுப்போல் இருக்கும்.

"சகதான்," என்றேன்.

அவள் மடியில் விரலால் எழுதி எழுதிப் பார்த்தாள். தாய் கொண்டுவந்து வைத்த தேநீர் ஆறிப் போனது.

"அப்ப அடுத்த வரியிலை நான்தான் மாறிப் பிடிச்சிட்டன். எல்லாம் அடங்கிடும். உங்கடை கோட்பாடு சரி, சேர்."

அதற்குப் பிறகு அவள் கணக்கைத் தொடவில்லை. தாள்களை நான் பத்திரப்படுத்துவதாகச் சொல்லி வாங்கி வந்தேன். விறகெல்லாம் நனைந்திருந்த ஒரு மாரியில் அவை அடுப்பு மூட்ட உதவின.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் இராணுவம் நெருங்கி வர, வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. கொட்டும் மழையில் அருந்ததியைச் சைக்கிள் கரியரில் இருத்தி நான்தான் உருட்டினேன். பின்னால் சிவக்கொழுந்து பையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். நாவற்குழிப் பாலத்தடியில் சனம் அசையமுடியாமல் நின்றபோது அருந்ததி என் சட்டையைத் தடவிப் பிடித்தாள்.

"சேர், அண்டைக்கு உங்களைப் பிழை எண்டு சொன்னனான். நீங்கள் ஒரு சொல்லும் திருப்பிச் சொல்லேல்லை. அதுக்குப் பிறகும் எங்களுக்கு இவ்வளவு செய்யிறியள். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அந்தப் பிள்ளை பாவம், அழுதுகொண்டிருந்தாள். அந்த நேரத்தில் வேறு என்ன செய்திருக்க முடியும்? மன்னித்துவிட்டேன்.