பள்ளி மணிக்கூட்டில் நிறைந்த ஸ்டாக்

ரமழான் பிறை பதினெட்டு, காலை. கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன்னால் இருந்த இளைஞன் பக்கத்து நண்பனிடம் சொன்னான்:

“நேத்து ஊரே நேரத்துக்கு முந்தி நோன்பு துறந்தது என்ட ஸ்டாக்கால மச்சான்.”

“என்னடா கதைக்காய்? மோதினார் மணியப் பிழையாப் பாத்துப் பாங்கு சொன்னாரெண்டுதானே கதை?”

“அவரு சரியாத்தான் பாத்த. பள்ளிவாசலுக்கு நான் செஞ்ச டிஜிட்டல் மணிக்கூடுதான் பிழையாக் காட்டின.”

“எப்புடி?”

“ஆரோ மணிக்கூட்டு வெளிச்சத்தக் கூட்ட ரிமோட்ட உடாம அமத்தியிரிக்காங்க. ஒவ்வொரு அமத்தலும் ஒரு இன்டரப்ட். உள்ளுக்க இரிக்கிற சிப் செய்யிற வேலயப் பாதியில உட்டுட்டு அதுக்கு ஓடக்குள்ள, உட்ட இடத்த ஸ்டாக்கெண்ட மெமரித் துண்டில எழுதி வெக்கும். ஒண்டு முடிய முன்ன மத்தது வந்து, ஸ்டாக் நிறைஞ்சு, மெமரியில பக்கத்தில இருந்த நேரத்துக்கு மேலயே எழுதி, மணி முந்திட்டு.”

“நல்ல இஞ்சினியர்தான்! இப்ப ஊரே அந்த நோன்பத் திருப்பிப் புடிக்கணும். மோதினாருக்கிட்டச் சொன்னயா?”

காரைதீவுச் சந்தி வந்தபோது அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னான்:

“சொல்லத்தான் இண்டைக்கு சுபஹுத் தொழுகைக்குப் போன. அவரு என்ட கையப் புடிச்சிட்டாரு. ‘கண் மங்கிட்டு மனே, மணியப் பிழையாப் பாத்து உன்ட மணிக்கூட்டுக்கும் கெட்ட பேர் வெச்சிட்டன், மன்னிச்சிரு’ எண்டாரு.”

“நீ என்ன சொன்ன?”

“‘பரவால்ல’ எண்டன்.”